புளியங்கொட்டையில் சேராத கன்று

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான். மாட்டு வைத்தியர் முசியே அமலோர். பட்டணத்து ஆபீசிலிருந்து உத்தரவுக் காகிதத்தோடு வந்த கணக்கர் சின்னையா. துப்பாக்கியோடு சிப்பாய் காத்தவராயன். வீட்டுக்காரி அஞ்சலை. வில்லியனூரிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், பால்காரர் ஏகாம்பரம். பக்கத்து வீட்டுக் கலியபெருமாள், அவருக்குப் பின்னால் வேலியோரம் அந்தக் குடியிருப்புச் சனம். அப்புறம் நான், ஒரு கையில் கயிறும் ஒரு கையில் பினாயில் வாளியுமாக. மாடு மூன்று. கன்று ஒன்று. அந்தக் கன்றை இருந்தவர்களில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இதை எழுதச் சொன்னது இப்போது மாட்டாஸ்பத்திரியில் இருக்கிற இளம் டாக்டர்கள். போன மாதம் பழைய பழக்கத்தில் அந்தப் பக்கம் போனேன். ஒருவர் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துக்கொண்டிருந்தார். "நோய் வராத மாடு இந்த வட்டம், வந்த மாடு இது, தேறினதும் செத்ததும் இது. எதுலேர்ந்து எதுக்கு எவ்ளோ வேகமா போவுதுன்னு கணக்குப் போட்டா, நோய் அடுத்து எங்க போவும்னு முன்னாடியே சொல்லிடலாம் பெரியவரே" என்றார். நான் வாய் தவறி, "கொட்டை எங்கங்க?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கொட்டைக் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நாலாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும்.

அப்பா செத்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஊசி போடும்போது மாட்டைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று வில்லியனூர் மேரியில் சேர்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலம்; கொம்யூன் ஆபீசை அப்போது மேரி என்றும், ஐயா என்பதற்கு முசியே என்றும்தான் சொல்வோம். மூக்கணாங்கயிற்றை எப்படிப் பிடிப்பது, ஊசியை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது, உதை எந்தப் பக்கத்திலிருந்து வரும், இதெல்லாம் முதல் இரண்டு வருஷத்தில் உடம்பு கற்றுக்கொண்டது. மனசு மட்டும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். ஒரு தொழுவத்தில் மிதித்த சாணியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்று பினாயிலில் காலைக் கழுவிக் கழுவி விரலிடுக்குத் தோல் உரிந்துவிட்டது. காத்தவராயன் கேலி பண்ணுவான். "யோவ் ரத்தினம், மாட்டுக்கு வர்ற சீக்கு உனக்கு வராதுய்யா. உன் சீக்குதான் மாட்டுக்கு வந்துரும்போல."

யுத்தத்துக்கு முந்தின ஒரு கோடையில் வெக்கை நோய் வந்தது. இப்போதுள்ளவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் மாடு தீனியை மோந்துவிட்டு விலகும். கண்ணில் நீர் வழியும், பிறகு பீளை. உள்ளுதட்டைத் திருப்பினால் தவிடு தூவினாற்போலப் புண். அதற்கப்புறம் கழிச்சல், பீச்சியடிக்கும். அந்த நாற்றத்தை ஒரு தடவை மோந்தவன் சாகிறவரை மறக்க மாட்டான். மூன்றில் இரண்டு படுத்தால் எழுந்திருக்காது.

முசியே அமலோர் காரைக்கால்காரர். சைகோனில் இந்த நோயோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "நல்லது" என்பார், அவ்வளவுதான். கூலிக்காரனைக்கூட வாங்க போங்க என்பார். என்னை மட்டும் நீ என்பார், அது உரிமை. ஒரு தொழுவத்துக்குப் போனால் உடனே மாட்டைத் தொட மாட்டார். வாசலில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார். எத்தனை மாடு இதில் வாய் வைக்கிறது என்று பார்ப்பார். பிறகு மூன்று கேள்வி. "யார் வந்தாங்க? எது வந்துது? இங்கேருந்து எது போச்சு?" பதில் வந்த பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு மாட்டின் வாயைத் திறப்பார்.

மேரியின் பின்கட்டில் ஒரு வெறும் அறை. அதன் தரையில் சுண்ணாம்பால் ரோடு, குளம், மேய்ச்சல் வெளி, சந்தை எல்லாம் போட்டு வைத்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை. தாயம் ஆடத் தேய்ப்பதுபோல ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவது என் வேலை. கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் நல்ல மாடு. வெள்ளை மேலே வந்தால் நோய் கண்ட மாடு. நோயைத் தாண்டி எழுந்த மாட்டுக்குக் கொட்டையை எடுத்துவிட்டு ஒரு குன்றிமணி வைப்பார். செத்ததற்கும் அதே குன்றிமணி.

"ரெண்டும் ஒண்ணா முசியே?" என்று கேட்டேன்.

"வூட்டுக்காரனுக்கு ஒண்ணு இல்ல. நோய்க்கு ஒண்ணுதான். தேறின மாட்டுக்கு மறுபடி வராது, அது இன்னொண்ணுக்குக் குடுக்கவும் செய்யாது. செத்ததும் அப்படித்தான். ரெண்டு கிட்டயும் நோய்க்கு வேலை இல்ல."

ஒரு வெள்ளைக்கொட்டை எத்தனை கறுப்பைத் திருப்பும் என்பதுதான் அவருடைய கணக்கு. "அது மாட்டோட குணம் இல்ல ரத்தினம், தொட்டியோட குணம்" என்பார். தனித்தனியாக வாளியில் தண்ணீர் காட்டுகிற வீட்டில் ஒன்று, அல்லது ஒன்றுமே இல்லை. ஒரே குளத்தில் இறங்குகிற ஊரில் நாலு, ஐந்து. சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தது என்றால் விரலை உதறிக்கொண்டு ஒரு கை நிறையத் திருப்புவார். இப்படி அடுத்த வாரத்தை முதலில் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நிஜ வாரத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் தரை சொன்னதுதான் நடந்தது.

எனக்கு அதுதான் பயம். முந்தின நாள் அறையில் வெள்ளையாகத் திரும்பின கொட்டைக்குச் சொந்தமான மாடு மறுநாள் சும்மா அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அதன் சொந்தக்காரன், "வா ரத்தினம், மோர் குடிக்கிறியா?" என்பான். வேண்டாம் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்க்காமல் குன்றிமணி வைக்கக்கூடாது. வில்லியனூர் பால்காரர் ஏகாம்பரம் ஒருநாள் அறை வாசலில் நின்று, "எங்கூட்டு வெள்ளச்சி போன தடவையே வெக்கையில தேறினது முசியே, அதுக்குக் குன்றிமணி வச்சிருங்க" என்றார். முசியே முடியாது என்று தலையசைத்தார். "நான் பாக்கலியே ஏகாம்பரம். பார்த்த ஆளும் இல்ல. கேள்விப்பட்டதை வச்சா இந்தத் தரை பொய் சொல்லும்." கறுப்புக் கொட்டையாகவே விட்டார். பத்து நாளில் அது வெள்ளையாகத் திரும்பி, மறுவாரம் குன்றிமணியானது. செத்த குன்றிமணி. தேறின கதை வெறும் பெருமைக்குச் சொன்னது. அதற்கப்புறம் ஏகாம்பரம் அந்த அறைப் பக்கம் வரவில்லை.

நோயைத் தடுக்கப் போடுகிற சீரம் மருந்து புட்டியில் வந்தது, ஆனால் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மடுகரையிலிருந்து வில்லியனூர்வரை ஊர்களுக்கு ஒரு வளையம்போலப் போட்டுவிடுவது என்று முசியே தீர்மானித்தார். "பாகூர்ப் பக்கம் முசியே?" என்றேன். ஏதோ தெரிந்து கேட்கவில்லை. எதையும் இரண்டு தடவை கேட்பது என் பழக்கம். அவர் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினார். "நடுவுல இங்கிலீஷ் எல்லை. சாவடியில கயிறு கட்டியாச்சு, காத்தவராயன் நிக்கிறாரு. இங்கேருந்து அங்க மாடு போக வழியே இல்ல." அது உண்மைதான். ஒரு மாடுகூடப் போகவில்லை. ஒரு கட்டு வைக்கோல் போகவில்லை. வில்லியனூர்ப் பக்கம் வளையம் நின்றது. வெள்ளைக்கொட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முசியே அன்று முதல்முறையாக அறையில் உட்கார்ந்து சுருட்டு பிடித்தார்.

அந்த வாரமே பாகூரிலிருந்து ஆள் வந்தது. ஏரிக்குக் கிழக்கே ஒரு சின்னக் குடியிருப்பில் ஒரு மாட்டுக்கு வாயில் புண், கண்ணில் பீளை.

போய்ப் பார்த்தோம். அது அஞ்சலையின் செவலை. அஞ்சலை புருஷன் இல்லாதவள். இரண்டு கறவையும் ஒரு கிடேரியும் வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தாள். செவலைக்கு வெக்கைதான், சந்தேகமில்லை. கிடேரிக்கும் உடம்பு சுட்டது. கறுப்பி என்று கூப்பிடுகிற கிழட்டுக் கறவை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

முசியே வாசலில் நின்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"யார் வந்தாங்கம்மா?"

"எங்கண்ணன் ஒருத்தருதாஞ்சாமி. வெறுங்காலோட நடந்துதான் வந்தாரு."

"மாடு ஏதாவது வந்துதா?"

"இல்ல சாமி."

"வைக்கோல்? புண்ணாக்கு? தோல் வாங்குற ஆளு?"

"எதுவும் இல்ல சாமி. மாரியாத்தா மேல ஆணை."

அவள் பொய் சொல்லவில்லை. முசியே சட்டைப் பையிலிருந்த கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். வந்த வழி தெரியாவிட்டால் போகிற வழியும் தெரியாது. அந்தக் குடியிருப்பின் மாடுகள் அத்தனையும் ஒரே குளத்தில் இறங்குகிறவை. சீரம் ஒரு சொட்டு மிச்சமில்லை.

மறுநாள் விடிந்ததும் திரும்பப் போனோம். நான் முதலிலேயே சொன்னேனே, அந்த நாள். ஏகாம்பரத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள், அவரும் வந்து நின்றார். அஞ்சலை அப்போது கறுப்பியைக் கறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் செவலை தலை தொங்க நின்றது. அதன் மூக்குக்கு எதிரே ஒரு கன்று. நாலு காலையும் விறைத்துக்கொண்டு, அசையாமல், கண் இருக்கும் இடத்தில் இரண்டு சோழியோடு.

இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கன்று செத்துப்போனால் தாய்மாடு பாலை இறக்காது. தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, தைத்து, உப்புத்தண்ணீர் தெளித்து முன்னால் நிறுத்துவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பாலை விடும். பட்டணத்துத் தெருவில் பால்காரர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு போவதை நாங்கள் தினம் பார்க்கிறோம். தினம் பார்ப்பதால்தானோ என்னவோ, யார் கண்ணிலும் அது பட்டதில்லை.

முசியே அதன் முன்னால் போய்க் குந்தினார். தொடவில்லை.

"இது செவலை போட்ட கன்னாம்மா?"

"இல்ல சாமி. அது மாசம் நெறயாம போட்ட காவாங்கன்னு, தோலு தேறல. பாலு விடாம உதைச்சிகினே இருந்துச்சு. அண்ணன்தான் அவங்கூட்டு வெள்ளச்சி கன்னு செத்துப்போச்சுன்னு, அந்தத் தோலுல செஞ்சு எனக்குக் கொண்டாந்து குடுத்தாரு."

வெள்ளச்சி எந்தக் குன்றிமணி என்று முசியேவுக்கும் எனக்கும் தெரியும். அதன் கன்றைப் பற்றி ஏகாம்பரம் சொல்லவே இல்லை. பால் குடிக்கிற கன்றை யாரும் எண்ணிக்கையில் சொல்ல மாட்டார்கள், கண் படும். அது செத்தது தாய்க்கு நோய் தெரிவதற்கும் முன்னால், சாதாரணக் கழிச்சல் என்று நினைத்திருக்கிறார்.

காத்தவராயன் முகம் வெளுத்துப்போனது. "அய்யோ முசியே, நான்தான் சாவடியில கயித்தைத் தூக்கி வுட்டேன். 'இன்னா ஏகாம்பரம், உன் கன்னு ரொம்ப சாதுவா இருக்குதே, கத்தவே காணும்'னு தட்டிக் குடுத்தேனே!"

"தங்கச்சி பாலு இல்லாம கஷ்டப்படுதுன்னு..." என்றார் ஏகாம்பரம்.

"நல்லது" என்றார் முசியே.

கணக்கர் சின்னையா காகிதத்தைப் பிரித்து வாசித்தார். நோய் கண்ட தொழுவத்தில் நிற்கும் மாடுகள் அனைத்தையும் உடனே கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கொன்றதற்குப் பட்டணம் நஷ்டஈடு தரும். வேலியோரம் நின்ற கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அஞ்சலை செவலைக்காக அழவில்லை. அது போய்விடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கறுப்பியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். "இத்த வுட்ருங்க சாமி. இதுக்கு வராது. எம்புருஷன் புடிச்சிகினு வர்றப்பவே இது வெக்கையில தேறின மாடு. இத்த வச்சுதாஞ்சாமி நான் கஞ்சி குடிக்கணும்."

"தேறினதை நீங்க பாத்தீங்களாம்மா?"

"அவரு பாத்தாரு. அவருதான் போய்ட்டாரே."

"நான் பாத்தேன் முசியே!" என்று ஏகாம்பரம் முன்னால் வந்தார். "சத்தியமா பாத்தேன். வாயெல்லாம் புண்ணு, நான்தான் கஞ்சி ஊத்தினேன்."

முசியே அவரை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளச்சிக்குச் சொன்ன அதே வாய். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். தங்கைக்காகச் சொன்ன பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது பொய்யானாலும் நடந்தது நிஜமாக இருந்திருக்கலாம்.

"அப்போ தனியா கட்டி வச்சுப் பாருங்க" என்றாள் அஞ்சலை. "பத்து நாளு. நானே வாளியில தண்ணி காட்டறேன். குளத்துப் பக்கமே ஓட்டல."

முசியே தரையில் ஒரு வட்டம் கீறினார், குளம். சுற்றிலும் கறுப்புக் கொட்டைகளை வைத்தார். நடுவில் ஒன்றைத் தனியாக வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை விட்டுவிட நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்போது கலியபெருமாள் வேலியைத் தாண்டி வந்தார். அவர் தொழுவத்தில்தான் அந்தக் குடியிருப்பிலேயே அதிக மாடு.

"முசியே, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. அஞ்சல எனக்குக் கூடப்பொறக்காத தங்கச்சி. ஆனா ரெண்டைக் கொன்னுட்டு ஒண்ண வுட்டுட்டுப் போனீங்கன்னா, நாங்க எப்படிங்க தூங்கறது? பத்து நாளு கழிச்சு அது தும்முச்சுன்னா, எங்க மாட்டுக்கு நீங்களா வந்து அழுவீங்க?"

முசியே நடுக்கொட்டையை வெள்ளையாகத் திருப்பினார். பிறகு குளத்தைச் சுற்றி ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார். கடைசிக் கறுப்பும் வெள்ளையானது.

அஞ்சலை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கொட்டை சாமி. இது என் மாடு."

"தெரியும்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "கண்ணால பாக்காம என்னால குன்றிமணி வைக்க முடியாது."

காத்தவராயன் துப்பாக்கியை எடுத்துத் தரையைப் பார்த்தே பிடித்துக்கொண்டு நின்றான். பசுவைச் சுட அவனால் ஆகாது என்று முகமே சொன்னது. முசியே அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். "குடுங்க. இது என் கணக்குல இருக்கட்டும்." முதலில் செவலை, அப்புறம் கிடேரி. கறுப்பியின் கயிறு என் கையில். பயத்தில் என் கை வியர்த்து ஒழுகியது. அது அந்த வியர்வையை நக்கிக்கொண்டிருந்தது. உப்புக்கு எல்லா மாடும் ஆசைப்படும். கொல்லச் சொன்ன கலியபெருமாள் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதைப்பதற்கு முன்னால் முசியே கறுப்பியை அறுத்துப் பார்த்தார். வாய், இரைப்பை, குடல், எல்லாம் சுத்தம். நோய் இல்லை. வருமா, வரவே வராதா என்று செத்த மாடு சொல்லாது. கையைக் கழுவிக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

வைக்கோல் கன்றை நான்தான் குழிக்குத் தூக்கிப்போனேன். காற்றுபோல இருந்தது. கறுப்பியின் கழுத்து மணியைக் கழற்றி அஞ்சலையிடம் கொடுக்கப் போனேன். முசியே தடுத்தார். அது தோல்வாரில் கோத்த மணி.

"வார அறுத்துட்டு மணியக் கழுவிக் குடுத்துரலாமே முசியே" என்றான் காத்தவராயன்.

"வேணாம். இனிமே எதையும் 'இது மாடு இல்லியே'ன்னு என்னால விட முடியாது." மணியும் குழிக்குள் போனது. ரூபாய்க்குக் கீழே அப்போது பணம் என்று ஒரு காசு உண்டு, அந்தக் கணக்கில் மணிக்கும் விலை போட்டு நஷ்டஈட்டில் சேர்க்கச் சொன்னார்.

அந்தக் குடியிருப்பில் வேறு ஒரு மாட்டுக்கும் நோய் வரவில்லை. அந்த வருஷம் வெக்கை அங்கேயே நின்றது. கலியபெருமாள் ஒரு கன்றுக்குட்டியை அஞ்சலைக்குக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

நஷ்டஈடு வந்தது. செவலைக்கும் கிடேரிக்கும். கறுப்பிக்கும் மணிக்கும் வரவில்லை. சின்னையாவே மேரிக்கு வந்து விளக்கம் சொன்னார். "சீக்கு மாட்டுக்குத்தான் பணம்னு விதி. நீங்க 'நோய்க்குறி இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. நல்ல மாட்டைக் கொன்னதுக்கு எதுல எழுதறது? 'நோய் கண்டது'ன்னு ஒரு வார்த்தை மாத்துங்க முசியே, நாளைக்கே பணம் வந்துரும்." நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் முசியே முகத்தைப் பார்த்தேன். எழுதிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நான் பாக்கலியே" என்றார். மாற்றவில்லை. அதற்குப் பதில் நல்ல மாட்டுக்கும் பணம் வேண்டும் என்று பட்டணத்துக்கு எழுதினார். திரும்பத் திரும்ப எழுதினார். காரைக்காலுக்கு மாற்றலாகிப் போன பிறகும் அங்கிருந்து எழுதினார் என்று கேள்வி. தன் கைப்பணத்தை ஒருதரம் என்னிடம் கொடுத்தனுப்பினார். அஞ்சலை திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அவரு பணம் எனக்கெதுக்கு? என் மாட்டுப் பணத்தக் குடுக்கச் சொல்லு."

பாகூர்ப் பக்கம் எப்போது போனாலும் எதிரே வருவாள். "ரத்தினண்ணே, கறுப்பிக்கு வந்துதா?" இல்லை என்று சொல்ல வேண்டுமே என்று அந்த வழியையே விட்டுச் சுற்றிப் போன நாளும் உண்டு. அப்புறம் பிரெஞ்சுக்காரர் போனார்கள், ஆபீஸ் மாறியது. பழைய பாக்கி பழையவர்களோடு போயிற்று என்றார்கள். அஞ்சலை போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அவள் அண்ணன் மகன் போன பொங்கலுக்கு என்னைப் பார்த்தான். அவனும் அதையே கேட்டான்.

வட்டம் போடுகிற டாக்டர் தம்பிகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் மூன்று வட்டமும் சரிதான், நான் குறை சொல்ல ஆளில்லை. கறுப்பியை எந்த வட்டத்தில் வைப்பது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. அஞ்சலைக்கு வரவேண்டியது தெரியும். மாட்டுக்கு முப்பத்திரண்டு ரூபாய். மணிக்கு நாலு பணம்.